பிரபாவதி டீச்சர் ஃப்ரீ

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலை, பிரபாவதி டீச்சரின் பின்கழுத்தில் ‘ஃப்ரீ’ என்று அச்சடித்த மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று முளைத்திருந்தது. சோப்புத் தூளோடு பக்கெட் சேர்த்துக் கொடுக்கும்போது ஒட்டியிருக்குமே, அதே வட்டம், அதே மஞ்சள். மறைமலைநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் அறிவியல் எடுத்தவர். வழியனுப்பு விழாவில் தலைமையாசிரியை சால்வை போர்த்தி, “இனிமே நீங்க ஃப்ரீ மேடம்” என்று மைக்கில் சொன்னதன் விளைவுதான் இது என்று கூடுவாஞ்சேரியில் எங்கள் அடுக்குமாடி முழுக்கப் பேசிக்கொண்டோம். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், நகம் எதற்கும் அது அசையவில்லை. செங்கல்பட்டுத் தோல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மோஷன் ஃப்ரீயாகப் போகிறதா என்று விசாரித்தார். போகிறது என்றதும், மனசையும் ஃப்ரீயாக வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு களிம்பு எழுதினார்.

டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி பரணிதரன் வீட்டில் இருந்தார். எப்போதும் உச்சிக்கொண்டை என்பதால் ஸ்டிக்கர் யார் கண்ணிலும் படாமல் தப்பவில்லை. இருபத்து நான்கு வீட்டுக்காரர்களும் அதை அவரவர் சௌகரியப்படி படித்தோம். சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க, பிளஸ் டூ பெண்ணுக்குக் கணக்குச் சொல்லித்தர, தண்ணீர் லாரிக்கு வால்வு திறந்துவிட, காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைக்க, “டீச்சர் ஃப்ரீதானே?” என்று கேட்டால் போதும். கேள்விக்குறிகூட மரியாதைக்குத்தான். பகலில் ஒரே ஒரு தரம் காலை நீட்டிப் படுக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையெல்லாம். இரண்டு வருடத்தில் அது நடக்கவில்லை. லிஃப்டில் நின்றபடியே தூங்கி, நாங்கள் போகும் மாடிக்கெல்லாம் அவரும் போய் வந்ததைப் பார்த்திருக்கிறோம். எழுப்பவில்லை. எங்களுக்கும் அவசரம்.

மூன்றாவது வருடம் பரணிதரனுக்குப் புனேக்கு மாற்றலானது. வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. புரோக்கர் வெங்கடேசன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹரிசங்கர், விஷாகா என்ற ஐ.டி. தம்பதியை அழைத்து வந்தார். டீச்சர் காபித் தட்டோடு குனிந்தபோது விஷாகா ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டாள்.

“இவங்க வீட்டோட ஃப்ரீயா?”

“பின்ன இன்னா மேடம், ஒட்டியே கீதே. சமையலும் தெரியும், சயின்ஸும் தெரியும்” என்றார் வெங்கடேசன்.

தம்பி மறுப்பான் என்று டீச்சர் தட்டோடு நின்றார். பரணிதரன் காபியை ஆற்றினான், ஆறிய பிறகும் ஆற்றினான். அவன் மனைவி ரோகிணி அவசரமாகப் பால்கனியைக் காட்டப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் வந்த ஒப்பந்தத்தில் எல்லாம் முறையாக இருந்தது: மின்விசிறி நான்கு, கீசர் ஒன்று, இன்வெர்ட்டர் ஒன்று, அக்கா ஒன்று. டீச்சர் அதை வாங்கிப் படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, கடைசி ‘ஒன்று’ என்பதை அடித்து ‘ஒருவர்’ என்று திருத்தினார். பிறகு தம்பியைப் பார்த்தார்.

“என்னடா இது?”

“அங்க வீடு சின்னதுக்கா. இவங்களும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க. இதப் போய் பெருசு பண்ணிக்கிட்டு… ஃப்ரீயா விடேன்க்கா.”

“இன்னொரு தரம் சொல்லு.”

“ஃப்ரீயா விடு.”

“சரி, விட்டுட்டேன்” என்றார் டீச்சர். பேனாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். எங்களில் மூன்று பேர் வழியில் நிறுத்தி, ஃப்ரீயா டீச்சர் என்று கேட்டோம். அவர் நிற்கவில்லை. செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறியபோது கூடைக்காரம்மா ஒருத்தி, “இன்னாம்மா, பக்கத்து சீட்டு ஃப்ரீயா?” என்றிருக்கிறாள். “இல்ல, காலை நீட்டப் போறேன்” என்று சொல்லி நீட்டியும் விட்டாராம். மாமல்லபுரம் தாண்டி, புதுப்பட்டினத்தில் ஒற்றை அறை ஒன்றைப் பிடித்தார். மத்தியானமானால் அங்கே கடற்கரைக்குப் போய், மணலில் குப்புறப் படுத்துத் தூங்கினார். முதல் தூக்கம் பதினோரு நாள் நீடித்தது. மீனவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வலையை இழுத்துப் போனார்கள். அலை வந்தால் அவருக்கு ஒரு முழம் முன்னாலேயே திரும்பிவிட்டது.

வீட்டில் குடியேறிய கையோடு ஹரிசங்கரும் விஷாகாவும் ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவரைத் தேடிக் கடற்கரைக்குப் போனார்கள். வெயிலில் ஸ்டிக்கர் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஓரம்கூடப் பெயரவில்லை.

“மேடம், ஃப்ரீயா இருக்கீங்களா?”

டீச்சர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ஃப்ரீயாத்தாம்மா இருக்கேன். அதனாலதான் வர முடியாது.”

விஷாகா தாளை ஒரு தரம் பார்த்தாள், ஸ்டிக்கரை ஒரு தரம் பார்த்தாள். இரண்டிலும் பிழை இல்லை. ஹரிசங்கர் ஷூவைக் கழற்றிவிட்டு மணலில் உட்கார்ந்தான். அதற்குள் டீச்சர் மறுபடியும் தூங்கிவிட்டார்.