காற்று கசியும் இடம்

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தன் கன்னத்தில் ஒற்றிச் சூடு பார்த்துவிட்டு, ஓரெஸ்ட் அதை மனைவியின் மூடிய இமைகள்மேல் பரப்பினார். ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். சுவர்க்கடிகாரத்தில் ஒன்பது இருபது. டாக்டர் இரண்டு மணிக்கு வருகிறார். துணியின் ஓரத்திலிருந்து நீர் இறங்கி, டார்காவின் மூக்கையும் வாயையும் மூடியிருந்த மாஸ்க்கின் விளிம்பில் ஓடி, காதுப்பக்கம் போயிற்று. அது துணியின் நீரா கண்ணின் நீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கட்டிலருகே இருந்த மூச்சு இயந்திரம் அவளுக்காக ஒரு முறை இழுத்தது, ஒரு முறை விட்டது.

தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்கவைக்கும் ஏ.எல்.எஸ் நோய் வந்து இது மூன்றாவது குளிர்காலம். முதலில் கைகள் போயின, பிறகு கால்கள், சென்ற அறுவடைச் சமயத்தில் பேச்சு. இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் டார்கா. பின்னால் ஐம்பது பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே அடக்கியவள். இப்போது அவளிடம் மிச்சமிருந்தது அந்தப் பார்வைதான். கட்டிலுக்கு முன்னால் ஒரு கம்பியில் பொருத்தியிருந்த திரையில் எழுத்துகள் வரிசையாக நிற்கும். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அதைத் திரை கண்டுகொண்டு கோக்கும். முடிந்ததும் யாரோ ஒரு பெண்ணின் குரலில், செய்தி வாசிப்பதுபோல, படித்துக் காட்டும். அந்தக் குரலில் டார்கா திட்டினால்கூட மரியாதையாக இருக்கும். ஆனால் இந்த நோயில் இமையும் சோர்ந்துபோகிறது. சரியாகக் கொட்டாத கண் காய்கிறது, காய்ந்தது எரிகிறது, எரிந்தால் நீராகக் கொட்டுகிறது. நீர் நிறைந்த கண்ணில் திரைக்குக் கருமணி அகப்படுவதில்லை. மேலே பார்த்தால் ஆமாம், கண்ணை மூடினால் இல்லை என்று வீட்டுக்குள் ஒரு வழி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து கண் எந்நேரமும் மூடியே கிடந்ததில் இல்லை எது, எரிச்சல் எது என்று அதுவும் குழம்பிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் கடைசியாக எழுதியது திரையில் அப்படியே நின்றது. 'டாக்டர் வரட்டும். எனக்குத் தொண்டைக் குழாய் வே'. அந்த இடத்தில் சளி அடைத்துக்கொண்டது. ஓரெஸ்ட் ஓடிப்போய் உறிஞ்சும் கருவியை எடுத்து, அவள் முகம் நீலத்திலிருந்து திரும்பும்வரை போராடினார். அதற்குப் பிறகு அவள் களைத்துத் தூங்கிவிட்டாள். வேணுமா, வேண்டாமா? நான்கு நாளாக அந்த ஒற்றை எழுத்தை அவர் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தார். திரையை அழிக்கவுமில்லை. கேட்கவுமில்லை.

அடுப்படியிலிருந்து லூபா வந்தாள். டார்காவின் தங்கை, மூன்று தெரு தள்ளி வீடு. பீட்ரூட் சூப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கையைத் துடைத்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

"அழறா ஓரெஸ்ட்."

"அழல. கண்ணு எரியுது."

"நாலு நாளா இதத்தான் சொல்ற. எனக்கு என் அக்காவ அறுபது வருஷமா தெரியும். சாமான்யமா அழ மாட்டா. நீ ஏதாவது சொன்னியா?"

"நான் என்ன சொல்லப்போறேன்."

அவர் துணியை எடுத்துவிட்டுப் புதிய பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக இமையோரம் துடைத்தார். ஒரு கண்ணுக்கு ஒரு பஞ்சு. காய்ந்து ஒட்டியிருந்த மஞ்சள் துகள்கள் வந்தன. கீழிமையை மெல்ல இழுத்துச் சொட்டு மருந்து விட்டார். வெள்ளைவிழி வெட்டுப்பட்டதுபோல் சிவந்திருந்தது. நர்ஸ் மரிசெல் சொல்லித்தந்த ஒன்றையும் அவர் விடவில்லை. வெந்நீர் ஒத்தடம், பஞ்சு, நாளுக்கு ஆறு முறை சொட்டு, தூங்கும்போது களிம்பு, அறையில் ஈரப்பதத்துக்கு ஒரு தண்ணீர்ப் பாத்திரம். யார் வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது. அந்த நினைப்பு வந்ததும் அவர் டார்காவின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்.

ஏனென்றால் அவருக்குத் தெரியும்.

முப்பத்தெட்டு வருஷம் கனடாவின் டாஃபின் வட்டாரத்து வீடுகளில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ்களைப் பழுதுபார்த்தவர் அவர். நிலவறைகளில் தவழ்ந்து, தகரக் குழாய்களில் சூடான காற்று எங்கே கசிகிறது என்று தேடுவதுதான் பிழைப்பு. புறங்கையை நாக்கில் நனைத்துக் குழாயோரமாக நகர்த்தினால் போதும், ஊசித்துளைகூட அகப்பட்டுவிடும். திங்கட்கிழமை மாஸ்க்கின் ரப்பர் மெத்தை புதிதாக வந்தது, மாற்றினார். செவ்வாய்க்கிழமை காலையில் அவள் முகத்தைத் துடைக்கும்போது ஈரக் கையில் அது பட்டது. மூக்குத்தண்டின் இருபுறமும், மெத்தை சரியாக உட்காராத இடத்தில், நூலாக ஒரு காற்று. நேரே மேல்நோக்கி, இரண்டு கண்களுக்குள்ளும். நிமிஷத்துக்குப் பதினாறு முறை. சரிசெய்ய அரை நிமிடம் போதும். அவர் மாஸ்க்கின் பட்டையில் கைவைத்தார். அப்போதுதான் திரையில் இருந்த 'வே' கண்ணில் பட்டது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குக் குழாய் வைத்தவர்களை இந்த ஊரில் வீட்டில் வைத்துப் பார்க்க ஆள் கிடையாது. வின்னிப்பெக்கில் ஒரு வார்டு இருக்கிறது, வண்டியில் நான்கு மணி நேரம். அதைப்பற்றி அவர் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தார். வீட்டை விற்றுவிடுவது, ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஓர் அறை, காலையில் போனால் இரவு திரும்பலாம். அவள் இருப்பாள். வேண்டாம் என்று அவள் எழுதிவிட்டால் அந்த அறை இல்லை. எழுதாவிட்டால், மூச்சு திணறும் நாளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரைத்தான் கேட்பார்கள். போடுங்கள் என்று அவர் சொல்வார். அதற்கு வேண்டியது அவள் கண்கள் இன்னும் கொஞ்ச நாள் கலங்கியிருப்பது மட்டும்தான். இப்படி வார்த்தையாக அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. நாளைக்குச் சரிசெய்யலாம் என்று மட்டும் நினைத்தார். மறுநாளும் அதையே நினைத்தார்.

பத்தரை மணிக்கு மரிசெல்லின் போன் வந்தது. "ரோட்டுல பனி அடைச்சிருக்கு. காலைல வர முடியாது. பனி தள்ளற வண்டி பின்னாடியே டாக்டரோட ரெண்டு மணிக்கு வந்துடறேன். கண்ணு எப்படி இருக்கு?"

"அப்படியேதான்."

"மாஸ்க்குல காத்து கசியுதான்னு ஒரு தடவ பாத்தீங்களா?"

ஓரெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அண்டை வீட்டுக் கொட்டகையின் கூரைமட்டும் தெரிந்தது. "பாக்கறேன்" என்றார்.

அவர் பேசி முடித்ததும் லூபா, "டாக்டர அடுத்த தடவ வரச் சொல்லிரேன். கண்ணே தெறக்க முடியாதவகிட்ட என்னத்தக் கேக்கப்போறாங்க" என்றாள்.

"அடுத்த தடவன்னா ஏப்ரல்."

"ஏப்ரல் வரட்டும். என்ன அவசரம்?"

அவர் கேட்காமலே, அவர் மனதில் இருந்ததை லூபா சொல்லிவிட்டாள். மரிசெல்லை மறுபடி கூப்பிட்டு, டாக்டர் ஏப்ரல்ல வரட்டும் என்றால் முடிந்தது. போன் அவர் கையில்தான் இருந்தது.

அந்த நேரத்தில் டார்கா கண்ணைத் திறந்தாள். திறந்தது இரண்டு வினாடி. நீருக்குள்ளிருந்து அவளுடைய கருவிழிகள் இரண்டும் கீழே, உள்பக்கமாக, மூக்கை நோக்கி இறங்கின. பிறகு ஓரெஸ்ட்டைப் பார்த்தன. மூடிக்கொண்டன. மறுபடி திறந்தாள். மறுபடி மூக்கு. மறுபடி அவர். ஒவ்வொரு தடவையும் நீர் பொங்கி வழிந்தது. கன்னத்துத் தசைகள் வலியில் இழுத்தன. விடாமல் திறந்தாள்.

"மூக்கு அரிக்குதாடி?" என்று லூபா குனிந்து, மாஸ்க்குக்கு மேலே மூக்குத்தண்டைத் தேய்த்துவிட்டாள். "நேத்தும் இப்படித்தான் பண்ணினா. பாவம், மாறுகண்ணு மாதிரி ஆகுது."

நேற்றும். செவ்வாயும்கூட. ஓரெஸ்ட் அதைப் பார்த்திருந்தார், பார்க்காததுபோல் போர்வையை இழுத்துவிட்டிருந்தார். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? காற்று படுவது அவள் கண்ணில். மூன்று நாளாகக் கசியும் இடத்தை அவள் அவருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அவருக்குத் தெரியாது என்று நினைத்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டால் உடனே சரிசெய்துவிடுவார் என்று நம்பி, எரிகிற கண்ணைத் திறந்து திறந்து.

அவர் போனை மேசைமேல் வைத்தார். கட்டிலருகே போய் மேல்பட்டையைத் தளர்த்தினார். இயந்திரம் ஊதிக்கொண்டிருக்கும்போதே மாஸ்க்கை ஒரு விரற்கடை தூக்கினார். மெத்தை காற்றில் உப்பியது. சற்றுக் கீழாக இறக்கி உட்காரவைத்து, பட்டையை அளவாக இழுத்தார், இறுக்கவில்லை. புறங்கையை நனைத்துப் பிடித்தார். ஒன்றுமில்லை. எல்லாம் சேர்ந்து அரை நிமிடம்.

லூபா, "என்ன பண்ணின?" என்றாள். அவர் துணியை மறுபடி வெந்நீரில் நனைத்தார். இன்னொரு ஒத்தடம், இன்னொரு சொட்டு.

ஒரு மணிநேரத்தில் நீர் நின்றது. சிவப்பு போகவில்லை, ஆனால் இமைகள் திறந்தபடி இருந்தன. ஓரெஸ்ட் திரையை அவள் முகத்துக்கு நேரே இழுத்து வைத்தார். கண் அகப்பட்டதற்கு அடையாளமாக விளிம்பில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. டார்கா திரையைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான முப்பத்தாறு வருஷமும் அவர் வேலைசெய்வதைப் பார்த்தவள். தேடுகிற கைக்கும் தெரிந்த கைக்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா? அவர் கை எங்கும் தேடவில்லை. நேரே அந்த இடத்துக்குப் போயிருந்தது.

பிறகு அவள் கண்கள் திரைக்குப் போயின. பழைய வரியை அழித்தாள். மெதுவாக எழுதினாள். செய்தி வாசிக்கும் குரல் அறையில் கேட்டது.

"எப்பயிருந்து தெரியும்?"

லூபா சூப்புக் கரண்டியோடு வாசலில் நின்றாள். "எது எப்பயிருந்து?"

ஓரெஸ்ட் ஈரத் துணியை நான்காக மடித்தார். மடித்ததை மறுபடி பிரித்தார். "செவ்வாக்கிழமை காலைல" என்றார்.

லூபாவுக்குப் புரிய நேரமாயிற்று. மாஸ்க்கைப் பார்த்தாள், அக்காவின் கண்ணைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். அவள் சத்தம்போடுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் குரல் தணிந்திருந்தது.

"டாக்டர் வண்டி நிறுத்த எடமில்ல. போய் பனிய தள்ளு."

அவர் போனார். மைனஸ் முப்பது டிகிரிக் குளிர். தேவைக்கு மேலேயே தள்ளினார். வண்டிப்பாதையின் இருபுறமும் சுவர்போல் எழுப்பினார், மீசையில் பனி கட்டிக்கொள்ளும்வரை. உள்ளே ஜன்னல் வழியே லூபா கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பதும், பேச்சை நிறுத்தித் திரையைப் படிப்பதும், மறுபடி பேசுவதும் தெரிந்தது. என்ன பேசினார்கள் என்று அவர் பிறகும் கேட்கவில்லை.

இரண்டு பத்துக்கு டாக்டரும் மரிசெல்லும் வந்தார்கள். டாக்டர் ரோஷல், நாற்பது வயதிருக்கும், பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு நடந்துவந்து, நாற்காலியை டார்காவின் கண்ணுக்கு நேரே போட்டுக்கொண்டார். மரிசெல் மாஸ்க்கைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தாள். "இப்ப நல்லா உக்காந்திருக்கு. அப்ப இதான் விஷயம், இல்ல?" ஓரெஸ்ட் தலையை ஆட்டினார். லூபா போர்வையின் ஓரத்தைச் செருகிவிட்டாள்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "டார்கா, மூச்சு அளவு கொறஞ்சிக்கிட்டே வருது. தொண்டைல குழாய் போடறதுனா இப்பவே சொல்லணும். என்ன நெனக்கிறீங்க? நிதானமா எழுதுங்க."

ஓரெஸ்ட் தலைமாட்டில் சுவரோடு நின்றார். அங்கிருந்து திரை தெரிந்தது. 'கு', 'ழா', 'ய்'. 'வே'. அவள் கண் அங்கே நின்றது. கொட்டியது. அவர் சுவரில் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டார்.

"குழாய் வேண்டாம்" என்றது குரல். அவள் நிறுத்தவில்லை. "வின்னிப்பெக்கும் வேண்டாம். இந்த மாஸ்க் போதும். அது போதாத அன்னிக்கு எனக்கு மூச்சு முட்டக்கூடாது."

"முட்டாது" என்றார் டாக்டர். "அதுக்கு மருந்து இருக்கு. அது என் பொறுப்பு." எழுதிக்கொண்டு, இன்னொரு தாளை எடுத்தார். "இன்னும் ஒண்ணு. உங்களால சொல்ல முடியாத நேரத்துல உங்களுக்காக யார் பேசணும்? முன்னாடி ஓரெஸ்ட்னு குடுத்திருக்கீங்க. அப்படியே இருக்கட்டுமா?"

லூபா தரையைப் பார்த்தாள். டார்கா வெகுநேரம் எழுதினாள், அல்லது அவருக்கு அப்படித் தோன்றியது.

"ஓரெஸ்ட். லூபாவும். ரெண்டு பேரும் சேந்து."

"ரெண்டு பேருக்கும் ஒத்துவரலன்னா?"

"லூபா சொல்றதுதான்."

மரிசெல்லுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏதோ குடும்ப வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். டாக்டரும் புன்னகைத்தபடி பெயரை எழுதினார். லூபா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை ஓரெஸ்ட்டிடம் நீட்டினாள், முகத்தைப் பார்க்காமல். அவர் அவள் பெயருக்குக் கீழே போட்டார்.

அவர்கள் போனபிறகு லூபாவும் கோட்டை மாட்டிக்கொண்டாள். "காலைல ஏழு மணிக்கு வருவேன். தெனமும்" என்றாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது.

நான்கரைக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. ஓரெஸ்ட் விளக்கைப் போடாமல் கட்டிலருகே நாற்காலியை இழுத்தார். இழுத்த இடம் திரையின் பின்பக்கமாக அமைந்துவிட்டது. டார்கா எழுத ஆரம்பித்திருந்தாள். எழுந்து ஓர் எட்டு வைத்தால் படித்துவிடலாம். அவர் எழவில்லை. அந்தக் கறுப்புப் பலகைக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. சிவந்து, ஆனால் தெளிந்து, திரையின் ஒளி இரண்டிலும் நீலமாக நிற்க, இடமிருந்து வலம், வலமிருந்து இடம், ஓரிடத்தில் நின்று, மறுபடி நகர்ந்து. இவ்வளவு நீளமாக அவள் எழுதி அவர் பார்த்ததில்லை. முடிக்கும்வரை அந்தக் குரல் பேசாது. தெருவில் பனி வண்டி ஒருமுறை போய்த் திரும்பியது. அவள் கண்கள் அடுத்த வரிக்குப் போயின.