ஆயிரத்து நானூறு டிகிரியில் துணி

பரணியின் கடைசித் துண்டு கல்லூரி உலைக்குள் வெந்துகொண்டிருந்தபோது, அவன் காங்கேயத்தில் பெரியப்பா மகள் கல்யாணப் பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான். அறிவியலை அடுத்தவர் கையில் விடலாம், ரசத்தை முடியாது. அதனால் உலையை ஆய்வக உதவியாளர் இசக்கிமுத்துவிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் ‘துணி, எட்டு அடுக்கு, 1400 டிகிரி’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தான்.

துணி என்றால் பீங்கான் இழையில் நெய்த துணி. பார்க்கப் பனியன் துணி மாதிரி வெள்ளைவெளேரென்று இருக்கும். மாமாவின் நல்லூர் பனியன் யூனிட்டில் கொடுத்து வெட்டி வாங்கினான். அதில் பிளேடு மழுங்கிப்போன கட்டிங் மாஸ்டர் தங்கவேலு இன்றுவரை அவனோடு பேசுவதில்லை. வெட்டியதைப் பீங்கான் கூழில் நனைத்து, அடுக்கி, காயவைத்துச் சுட்டால் கல்லாகும். வெறும் பீங்கான் போல அது பட்டென்று உடையக் கூடாது. அதுதான் அவனுடைய இறுதியாண்டு ப்ராஜெக்ட்.

உடைந்தது. 1300-இல் சுட்டது டிக்கென்று இரண்டானது. செங்கல்லையே நன்றாகச் சுட்டால்தானே உறுதி என்று 1350-க்கு ஏற்றினான். அது இன்னும் சுத்தமாக, கத்தி போட்ட மாதிரி உடைந்தது. பேராசிரியர் சுரேந்தர், அடுத்ததும் போனால் அடுத்த வருடம் வேறு தலைப்போடு வரச் சொல்லிவிட்டார். அதுவரை மாமாவின் யூனிட்டில் பனியனுக்குப் பிழை பார்க்கும் செக்கிங் டேபிள்தான். மாமா ஸ்டூலைத் துடைத்தே வைத்துவிட்டார். கையில் இருந்த துணியும் ஒரே துண்டுக்குத்தான் வந்தது.

கல்யாணம் முடிந்து வந்து உலையின் திரையைப் பார்த்தான். எட்டிய அதிகபட்ச வெப்பம் 1200.

“ஏனுங்ணா, ஆயிரத்து நானூறுன்னு எழுதி வெச்சிருந்தனே?”

இசக்கிமுத்து முன்பு மங்கலம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையில், ஈரத்துணியை இழுத்துப் பிடித்துச் சூட்டில் காயவைக்கும் மெஷின் ஓட்டியவர்.

“துணின்னுல்லா போட்டிருந்த. சூடு கூடுனா துணி அப்பளமாயிரும்டே. ஒருக்கா அப்பிடி விட்டுத்தான் எனக்கு வேலையே போச்சு. அதான் எரநூறு கொறச்சேன்.”

ஆயிரத்து இருநூறு டிகிரியை இரக்கம் என்று நினைக்கும் மனிதரிடம் என்ன சண்டை போடுவது. அதற்கும் நேரமில்லை, சோதனையைப் பார்க்க சுரேந்தர் டீக் கிளாஸோடு உள்ளே வந்துவிட்டார்.

துண்டின் இரு முனைக்கும் முட்டுக் கொடுத்து, நடுவில் அழுத்துகிற மெஷின். பரணி துண்டை அதில் வைத்து ஓட்டினான். திரையில், துண்டு தாங்கும் பாரத்தைக் காட்டும் கோடு ஏறியது. 1350-இல் சுட்ட துண்டு உயிரை விட்ட இடத்தைத் தாண்டியது. பரணி அந்த டிக்குக்காகக் காதைக் கொடுத்துக் காத்திருந்தான். அது வரவில்லை. கரகரவென்று, தூரத்தில் யாரோ அரிசி புடைப்பதுபோல ஒரு சத்தம். கோடு கொஞ்சம் இறங்கி, நின்று, மறுபடி கொஞ்சம் இறங்கியது. துண்டு வளைந்தது. கல், அவன் கண் முன்னால் வளைந்துகொண்டிருந்தது.

சுரேந்தரின் டீ ஆறியது. கல்லூரி வரலாற்றில் அப்படி நடந்ததில்லை.

இசக்கிமுத்து சட்டைப்பையிலிருந்து, துணியில் இழை எண்ணுகிற பழைய லென்ஸை எடுத்து நீட்டினார். பரணி குனிந்தான். விரிசல் ஒவ்வொரு இழையிடமும் வந்து திகைத்து, நேரே போக முடியாமல், இழையின் ஓரமாகவே திரும்பி ஓடியிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய இழைகள், ஆயிரக்கணக்கில், தத்தம் குழியிலிருந்து கொஞ்சம் உருவி வெளியே வந்து, விரிசலின் அக்கரையை இழுத்துப் பிடித்தபடி நின்றன. மூச்சு விட்டால் கலைந்துவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பழைய துண்டுகள் உடைந்த காரணம் அப்போதுதான் உறைத்தது. கூடுதல் சூட்டில் பீங்கான் இழையோடு ஒரேயடியாக ஒட்டி, இழையையும் நொய்யச் செய்திருக்கிறது. பிறகு ஒரு விரிசல் போதும், எதிரே தடுக்க யாருமில்லை. இதிலோ பிடி தளர்வு. தளர்வாக இருந்ததால்தான் இழைகளுக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. ஆறு மாதமாக அவன் உறுதியாக்குவதாக நினைத்துக் கெடுத்துக்கொண்டிருந்தான்.

“எத்தனை டிகிரி வெச்சீங்க?” என்றார் சுரேந்தர்.

பதிவேட்டில் அவன் கையெழுத்தில் 1400 பளிச்சென்று இருந்தது.

“ஆயிரத்து இருநூறுங்க சார். நான் வெக்கலீங்க, இசக்கியண்ணன் வெச்சாருங்க.”

சுரேந்தர் இசக்கிமுத்துவை முதல்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். ஒரு துண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இதே சூட்டில் இன்னும் மூன்று நின்றால் இந்த வருடமே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மூன்றுக்குத் துணி? நல்லூரில் வெட்டித் தள்ளிய ஓரத் துண்டுகள் தங்கவேலுவிடம்தான் கிடக்கும். புது பிளேடு ஒன்று வாங்கிக்கொண்டு போய் நிற்பது என்று பரணி முடிவு செய்தான்.

கிளம்புமுன் கையுறை மாட்டிக்கொண்டு துண்டை இரு முனையிலும் பிடித்து இழுத்தான். நடுவில் விரிசல் நன்றாகவே தெரிந்தது. பிரிந்து வரவில்லை. இசக்கிமுத்து ஒரு முனையை வாங்கிக்கொண்டு இழுத்தார்.

அப்போதும் வரவில்லை.