வட்ட விளக்கு

ஞாயிறு மாலை ஆறு மணி வரை அவளுக்கு நேரம் இருந்தது. புது வண்டிக்கு மாற்றாக அவள் விட்ட சிவப்பு பைக்கை அதுவரை வேறு யாருக்கும் விற்கமாட்டேன் என்று வண்டிக்கடைக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கம்மா. மனசு ஒட்டலைன்னா இதைக் கொண்டாந்து விட்டுட்டு உங்க வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. வேற யார் கேட்டாலும் போய்யான்னுடுவேன். உங்களுக்காகத்தான்."

சொல்லிவிட்டு அவர் சிவப்பு வண்டியைக் கடையின் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அவள் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. உடம்பை வில்லாக வளைத்து, நெஞ்சு டாங்கில் பட, காற்றுக்கு அடியில் நுழைந்து ஓட்டும் வண்டி அந்தச் சிவப்பு. பதினொரு வருடமாக அதில்தான். ஞாயிறுதோறும் சேர்ந்து போகும் ஒன்பது பேரில் எப்போதும் முதலில் போகிறவள் அவள். அதனால் கூட்டத்தில் அவளுக்கு அம்பு என்று பெயர். அவள் பின்னால் ஒட்டிக்கொண்டே வரும் தங்கைக்கு வால். அது வீட்டில் வைத்த பெயர். நாற்பத்தேழு வயதிலும் அவளை விட்டுப் போகவில்லை.

புது வண்டி தொழிற்சாலையை விட்டு வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. முகம் மட்டும் ஐம்பது வருடத்துக்கு முந்தியது. வட்ட விளக்கு, உருண்ட டாங்கு, தையல் போட்ட பழுப்பு இருக்கை. நாற்காலியில் உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார வேண்டும். இந்த மாதிரி வண்டிகளைப் பற்றி அவளே ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தாள்: "தலைக்கு நரைச்சாயம் பூசிக்கிட்ட வாலிபன்." எல்லோரும் டீ சிந்தச் சிரித்தார்கள். வால்தான் அதிகம் சிரித்தாள்.

அப்படிச் சொன்ன வாயோடு அவள் இதை வாங்கியதற்குக் காரணம் வலது கை. அவள் பல் கட்டுகிறவள். டாக்டர் எடுத்தனுப்பும் அச்சை வைத்துப் பல்செட் செய்வது அவள் வேலை. போன மாதம் அந்த வண்டியில் கையூன்றிக் குனிந்து நெடுந்தூரம் ஓட்டிவிட்டு வந்த மறுநாள், மெழுகுக் கத்தியைப் பிடிக்க விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கைக்குள் எறும்பு ஊர்ந்தது. இரண்டு நாள் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் அனுப்பிய பல்செட்டை டாக்டர் திருப்பி அனுப்பினார். முன்பல் ஒன்று உள்வாங்கி இருந்தது. இருபத்தாறு வருடத்தில் ஒரு செட்கூட அப்படித் திரும்பி வந்ததில்லை. டாக்டர் எதுவும் எழுதவில்லை. அச்சின் மேல் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குறியை அவள் யாரிடமும் காட்டவில்லை. வாலிடம் காட்டியிருக்கவே முடியாது. வால் எக்ஸ்ரே எடுக்கிறவள்; உடனே கழுத்தை நீட்டு, கையை வை என்பாள். அதைவிட, வாலின் கண்ணில் ஒன்று அணைந்துபோவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பயந்தாள் என்று சொன்னால் அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள்.

திங்கட்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கணவர் வெளியே வந்து சுற்றிப் பார்த்தார். அவருக்கு வண்டி என்றால் இரண்டு சக்கரம், ஒரு சத்தம்.

"நல்லா இருக்கு. பழசா, புதுசா?"

"புதுசு."

"அப்புறம் ஏன் பழசு மாதிரி செஞ்சிருக்கான்?"

அவள் உள்ளே போனாள், சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தாள். வெளியே வந்து உறையைப் போட்டு மூடினாள். கால்மணி நேரம் கழித்து உறையை எடுத்துவிட்டுப் பார்த்தாள். மறுபடி மூடினாள். "பெண் பார்க்க வந்தவங்க மாதிரி நீயே எத்தனை தடவை பாப்ப?" என்றார் கணவர்.

செவ்வாய்க்கிழமை வண்டி பிடிக்கவில்லை. காற்று நேரே நெஞ்சில் அறைந்தது. புதன்கிழமை இன்னும் பிடிக்கவில்லை. சிக்னலில் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் கனிந்துபோய்ச் சிரித்தார். "எங்கப்பா இதே மாதிரி ஒண்ணு வெச்சிருந்தாரும்மா. இத்தனை வருஷம் இப்படி வெச்சிருக்கீங்களே, பெரிய விஷயம்." வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது என்று அவள் சொல்லவில்லை. பச்சை விழுந்ததும் விருட்டென்று கிளம்ப நினைத்தாள். வண்டி தன் பாட்டுக்குத் தட் தட்டென்று புறப்பட்டது. பெரியவர் கையாட்டினார்.

வியாழக்கிழமை கை வலிக்கவில்லை. அது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வலித்திருந்தால் திருப்பிக் கொடுக்க ஒரு சாக்கு கிடைத்திருக்கும். அன்றைக்கு எழுபத்தெட்டு வயதுக்காரர் ஒருவருக்குப் பல் வரிசை அடுக்கிக்கொண்டிருந்தாள். நிற அட்டையில் அந்தக் கிழவர் பளிச்சென்ற வெள்ளையைக் குறித்திருந்தார். அவள் வழக்கம்போல இரண்டு நிறம் இறங்கி, லேசான மஞ்சளை எடுத்தாள். கீழ்வரிசையில் ஒரு பல்லை மயிரிழை சாய்த்து வைத்தாள். அப்படி வைத்தால்தான் அந்த வாய் அந்தப் பல்லைத் தன்னுடையது என்று நம்பும். சாய்த்து முடித்த பிறகு கத்தியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் அந்தப் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள், தாகம் இல்லை.

சனிக்கிழமை ரொட்டிக்கடைக்காரருக்குப் போன் செய்தாள். அவள் இல்லாதபோது கூட்டத்தை நடத்துகிறவர் அவர்தான்.

"நாளைக்கு நீங்க முன்னால போங்க. எனக்குக் கொஞ்சம் வேலை இருக்கு, லேட்டாத்தான் கிளம்புவேன். நான் கடைசியா வந்துக்கறேன்."

"அம்பு கடைசியிலயா? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"உங்க வாயில நல்லதே வராதா?"

கூட்டத்துக்கு ஒரு விதி இருந்தது. திருப்பம் வந்தால் முதலில் போகிறவர் தரையைக் கைகாட்டுவார். அவருக்கு அடுத்து வருகிறவர் அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நின்று, பின்னால் வருகிற எல்லோருக்கும் வழி காட்ட வேண்டும். கடைசி வண்டி வந்து கையைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நகரலாம். அதற்குமுன் மழை வந்தாலும் நகரக்கூடாது. ஒருமுறை ஒருவர் பாதியில் கிளம்பிப் போய், இரண்டு பேர் வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதிலிருந்து விதி வேதமாயிற்று. முதலில் போகிறவர் மட்டும் எங்கும் நிற்க வேண்டியதில்லை. அவள் பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட நின்றதில்லை.

அன்றைய பாதையில் திருப்பம் ஒன்றே ஒன்று, செங்கல் சூளைப் பக்கம். அங்கிருந்து இடது கைப்பக்கம் ஏரி வரை ஒரே ரோடு. முதல் ஆளை ஒட்டியே போய்ப் பழகியவள் வால். ஆகவே அங்கே நிற்கப்போவது வால்தான் என்று அவளுக்குத் தெரியும். நிற்கிறவளிடம் தனியாகச் சொல்லிவிடலாம், எட்டுப் பேர் முன்னால் இறங்கி நிற்பதைவிட அது மேல் என்று கணக்குப் போட்டிருந்தாள். வாக்கியங்கள்கூடத் தயார். ‘சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடு’ என்று ஆரம்பம்.

கணக்கில் ஒன்றை மறந்துவிட்டாள். திருப்பத்தில் நிற்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. தூரத்திலேயே வண்டியைப் பார்க்கிறார்கள். வால் எதிர்பார்த்து நின்றது சிவப்பையும், பூனைக்கண் மாதிரி சாய்ந்த இரட்டை விளக்கையும், பழைய சிவப்புத் தலைக்கவசத்தையும்.

சூளைத் திருப்பத்தில் வால் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகம் மூடிய புதுத் தலைக்கவசத்தோடு கிட்டே போய் வேகத்தைக் குறைத்துக் கையைத் தூக்கினாள். வால் அவளைப் பார்த்தாள். மரியாதைக்கு ஒரு தலையசைப்பு. பிறகு கழுத்தை நீட்டி அவளுக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்தாள்.

நின்றிருக்கலாம். பிரேக் காலடியில் இருந்தது. அவள் நிற்கவில்லை.

முதலில் வந்தது கோபம். நாற்பத்தேழு வருடம் கூடப் பிறந்தவள், ஒரு வண்டியை மாற்றினால் ஆளைத் தெரியாதா? அந்தக் கோபத்தோடு இரண்டு வளைவு போனாள். மூன்றாவது வளைவில் கோபம் எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. கண்ணாடியில் யாரும் இல்லை. முன்னாலும் யாரும் இல்லை. வண்டி ஐம்பதில் போய்க்கொண்டிருந்தது. அதற்குமேல் போகச் சொல்லி அது கெஞ்சவில்லை. மரம் அறுக்கிற வாசனை வந்தது. ஒரு மாடியில் ஒரு பெண் படுக்கை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அது பலூன்போலப் பொங்கி இறங்கியது. இந்த ரோட்டில் இருநூறு முறை போயிருப்பாள். இங்கே ஒரு மாடி இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அவள் யாரும் இல்லை. அம்பு இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து போகிற யாரோ ஒருத்தி. தட் தட்டென்று இருக்கைக்கு அடியில் இருந்து வந்த அடி அவள் முதுகில் ஏறி, பிடரியில் வந்து உட்கார்ந்தது.

நன்றாக இருந்தது. அவ்வளவுதான். ரொம்ப நன்றாக இருந்தது.

ஏரி கண்ணில் பட்டபோதுதான் நினைவு வந்தது. வால் நகரமாட்டாள். அக்கா வரும்வரை நிற்பாள். வாலின் ஐந்து வயதில் ஒருமுறை, "இங்கயே நில்லு, வந்துடறேன்" என்று தபால்பெட்டி பக்கத்தில் நிறுத்திவிட்டு இவள் விளையாடப் போய் மறந்துவிட்டாள். வால் அங்கேயே நின்றாள். கால் மாற்றிக்கூட நிற்கவில்லை என்று தபால்காரர் சொன்னார்.

வண்டியைத் திருப்பினாள்.

வால் நடுரோட்டுக்கே வந்திருந்தாள். போனைக் காதில் வைத்திருந்தாள். அக்காவின் தோள்பைக்குள் போன் அடித்தது. இஞ்சின் சத்தத்தில் இருவருக்கும் கேட்கவில்லை. எதிரே வருகிற வண்டியைக் கைகாட்டி நிறுத்தினாள் வால்.

"ஏங்க, ஏரிப் பக்கமிருந்துதானே வர்றீங்க? சிவப்பு வண்டி ஒண்ணு அங்க போச்சா? ஒரு லேடி. ரொம்ப வேகமாப் போவாங்க. நான்தான் கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள விட்டுட்டேனோ என்னமோ."

குரல் கிழிந்திருந்தது. அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

வால் அவள் முகத்தைப் பார்த்தாள். வண்டியைப் பார்த்தாள். மறுபடி முகத்தை.

"இது யார் வண்டி?"

"என்னுது."

"அப்ப அது?"

"கடையில இருக்கு."

"முக்கால் மணி நேரமா நிக்கறேன்." வால் மெதுவாகத்தான் பேசினாள். "நீ எந்த எலும்பை உடைச்சுக்கிட்டு எந்தப் பள்ளத்துல கிடக்கறியோன்னு ஒவ்வொரு எலும்பா எண்ணிக்கிட்டு நிக்கறேன். என்னைத் தாண்டித்தானே போன? கையைத் தூக்கினது நீதானா? யாரோ பெரியவர் வாழ்த்திட்டுப் போறார்னு நினைச்சேன்."

"சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடு."

"எனக்குச் சிரிப்பு வரல. ஏன் நிக்கல?"

தயார் செய்து வைத்த வாக்கியங்களை விட்டுவிட்டு, கை வலியைச் சொன்னாள். திரும்பி வந்த பல்செட்டைச் சொன்னாள். கேள்விக்குறியையும் சொன்னாள். வால் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் சரி. ஏன் நிக்கல?"

"நல்லா இருந்துச்சுடி."

"என்னை நடுரோட்டுல விட்டுட்டுப் போறதா?"

"நீ பின்னால இல்லாம ஓட்டறது. நீ பாத்துக்கிட்டே வர்றேன்னுதான் அவ்வளவு வேகமாப் போவேன். தெரியாது உனக்கு."

வால் ஓரத்துக்கு வந்து மைல்கல்லில் உட்கார்ந்தாள். "நீ போறியேன்னுதான் நான் வருவேன். ஒவ்வொரு வளைவுலயும் எனக்கு வயித்தைக் கலக்கும். பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை காலையில நான் ஒண்ணும் சாப்பிடறதில்ல. தெரியுமா உனக்கு?"

தெரியாது. ஒரு லாரி போனது. தூசு அடங்கும்வரை இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"திருப்பிக் கொடுத்துடலாம். இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் டைம் இருக்கு."

வால் எழுந்து வந்தாள். டாங்கில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். கையை நீட்டினாள். "சாவி."

"எதுக்கு?"

"நீ சொன்ன ‘நல்லா’ எப்படி இருக்குன்னு நான் பாக்க வேண்டாமா? நீ நில்லு. இங்கயே நில்லு. ஏரி வரைக்கும் போய் அவங்ககிட்ட சொல்லிட்டு வரேன். நகராத."

நிமிர்ந்து உட்கார்ந்து போகிற வாலின் முதுகை அவள் முதல்முறையாகப் பார்த்தாள். அம்மாவின் முதுகு அது. எப்போது வந்து ஒட்டிக்கொண்டதோ. வளைவில் அது மறைந்தது.

நிற்பது இவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. ஐந்து நிமிடத்தில் கால் மாற்றினாள். பத்து நிமிடத்தில் சூளையில் அடுக்கியிருந்த செங்கல் வரிசைகளை எண்ணினாள், எண்ணிக்கை தப்பியது. அந்தப் பக்கம் மணல் கொட்டிக் கிடந்ததே, சொல்லாமல் விட்டோமே என்று தோன்றியது. புது வண்டியின் பிரேக் கொஞ்சம் முரடு. அதையும் சொல்லவில்லை. வாலின் வண்டி பக்கத்திலேயே நின்றது, சாவியோடு. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விடலாம். கை பிடிவரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

போன் அடித்தது. வண்டிக்கடைக்காரர்.

"அம்மா, இன்னும் டைம் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஒருத்தர் உங்க சிவப்பு வண்டி முன்னால உக்காந்துக்கிட்டு எழுந்திருக்க மாட்டேங்கறார். என்ன சொல்லட்டும்?"

அவள் ரோட்டைப் பார்த்தாள். வளைவு காலியாக இருந்தது. வெயிலில் தார் நெளிந்தது. போனில் அவர் ஹலோ ஹலோ என்றார். தூரத்தில், நெளிகிற தாருக்கு மேலே, வட்டமாக ஒரு வெளிச்சம் மிதந்து வந்தது. அதைப் பார்த்ததும் அவளையறியாமல் கை தூக்கிக்கொண்டது.

"கொடுத்துடுங்க."

"நல்லா யோசிச்சுத்தானே?"

"இல்ல. கொடுத்துடுங்க."

வண்டி கிட்டே வந்தது. நிஜமாகவே பழைய வண்டி. துரு ஏறிய மட்கார்டு, சைலன்சரில் கம்பி சுற்றியிருந்தது. ஓட்டி வந்தவர் தூக்கிய கையைப் பார்த்துவிட்டு, யாரோ தெரிந்தவர் என்று நினைத்துத் தலையசைத்துப் போனார். அவளும் தலையசைத்தாள். பிறகு கழுத்தை நீட்டி, அவருக்குப் பின்னால் இருந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.