ஊசி நின்ற பிறகு

இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த வேதாந்தத்துக்குக் கணையத்தில் கல். வலி வந்தால் சுருண்டு விழுந்துவிடுவார். தெருமுனை டாக்டர் அவருக்குப் பெத்திடின் என்ற வலி நிவாரணி ஊசி போட ஆரம்பித்தது எண்பதாம் வருஷம். மூன்றே வருஷத்தில் அது தினம் இரண்டு வேளை ஆகிவிட்டது.

அந்த மூன்று வருஷமும் அவர் மனைவி வேதவதியைத் தொடவில்லை. முதலில் அவள் அழுதாள். பிறகு, தன்னை அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு கூடத்தில் தனியாகப் படுத்தாள். ஸ்ரீரங்கத்து வீட்டில் இருவரும் காபி, சாப்பாடு பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஆபரேஷன் பற்றிக் கேட்கப் புத்தூரில் டாக்டர் பிலோமின்ராஜிடம் போனார்கள். அவர் வேதாந்தத்தின் முகத்தையே பார்த்தார்.

"எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஷேவ் பண்றீங்க?"

"வாரத்துக்கு ஒரு தடவை போறும் சார். முன்னெல்லாம் தினமும் பண்ணிண்டிருந்தேன்."

ரத்தம் சோதனைக்கு மதராசுக்குப் போனது. ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"மூளைக்கு அடியில பிட்யூட்டரின்னு ஒரு சுரப்பி. ஆண் ஹார்மோன் சுரக்க அதுதான் உத்தரவு போடணும். பெத்திடின் அதை அடக்கி வச்சிருக்கு. ஆசையே வந்திருக்காதும்மா."

"மாத்து மருந்து இல்லையா?" என்றாள் வேதவதி.

"ஊசியைத் தடுக்கிற மருந்து இருக்கு. கொடுத்தா சில மணி நேரத்துல சுரப்பி முழிச்சுக்கும்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. ஆனா இவருக்கு இப்ப கொடுத்தா வலியும் நடுக்கமும் ஒண்ணா வந்துடும், தாங்க மாட்டார். கல்லை எடுத்துட்டு, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம்."

திரும்பும்போது பஸ்ஸில் வேதாந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நேக்கே தெரியலை வேதா."

அவள் தலையசைத்தாள். நிம்மதி வரும் என்று காத்திருந்தாள். பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டியது. வரவில்லை.

கல்லை எடுத்தார்கள். ஊசி அடியோடு நிற்க ஐந்து மாதம் பிடித்தது. வியர்வை, பேதி, தூக்கமின்மை. அவள் துணி மாற்றினாள், கஞ்சி கொடுத்தாள். பிறகு அவர் தினமும் ஷேவ் செய்ய ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி மடித்துக்கொண்டிருந்தவளின் தோளில் கை வைத்தார்.

"இன்னும் கோபமா?"

யோசித்துப் பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"இல்லைன்னா. ஒண்ணுமே தோணலை. தோணறதுன்னு பொய் சொல்ல வரலை நேக்கு."

கையை எடுத்துக்கொண்டார். எழுந்து போகவில்லை. அவள் கையிலிருந்த ஒன்பது கஜம் புடவையின் மறுமுனையைப் பிடித்தார். தனியாக மடிக்கச் சிரமம்தான். அவள் அவரோடு சேர்ந்து மடித்தாள்.