தட்டில் மடிந்த செல்கள்

"இன்னிக்கு மருந்து ஏத்த முடியாது," என்றார் டாக்டர். "கல்லீரல் கெட்டுப்போயிருக்கு. நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?"

சேவூரில் பட்டுத்தறி ஓட்டும் தங்கவேலு தரையைப் பார்த்தார். அவருடைய நுரையீரல் புற்றுக்கு ஆறு தடவை ஏற்ற வேண்டிய மருந்தில் மூன்றுதான் முடிந்திருந்தது.

"வெளி மருந்தெல்லாம் இல்லீங்க சார்," என்றாள் அவர் மனைவி செல்லியம்மாள். "எங்க பொண்ணு கண்டுபிடிச்சதுதான். ஒரு மாசமா ரெண்டு வேளையும் காய்ச்சிக் குடுத்துகினு இருக்கேன்."

பக்கத்தில் நின்ற மகள் கலையரசி அப்போதுதான் இதைக் கேள்விப்பட்டாள். அவள் வேலூரில் ஆராய்ச்சி மாணவி. ஏரிக்கரையில் தானாக முளைக்கும் ஒரு செடியின் இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, மருந்துக்கு அசையாத புற்றுச் செல்கள்மேல் விட்டுப் பார்த்தாள். அதன்பின் கொஞ்சம் மருந்துக்கே செல்கள் மடிந்தன. சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்குப் போன் செய்து செடியின் பேரைச் சொன்னாள். அவை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்த செல்கள் என்றும் சொன்னாளா? நினைவில்லை.

டாக்டர் அவளைப் பார்த்தார். தான் கொடுக்கச் சொல்லவில்லை என்றால் அம்மா குற்றவாளி ஆவாள். வாயை மூடிக்கொண்டால் அப்பாவுக்கு உண்மை தெரியாமலே போகும்.

"என் தப்புதான் சார். அது மருந்தே இல்ல," என்றாள்.

கல்லீரல் தேறியபின் மருந்து ஏற்றலாம் என்று டாக்டர் மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார். "அதுவரைக்கும் கட்டி சும்மா இருக்குங்களா?" என்று தங்கவேலு கேட்டார். டாக்டர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் அடுத்த தேதியை எழுதி அவரிடம் கொடுத்தார்.

ஆரணி பஸ்ஸில் செல்லியம்மாள் வாய் திறந்தாள். "புத்து செத்துப்போச்சுன்னு நீதானடி சொன்ன?"

"தட்டுல செத்துச்சும்மா. எலிக்குக்கூட இன்னும் குடுத்துப் பாக்கல."

"வுடு, அவள கேக்காத," என்றார் தங்கவேலு. "எம்பொண்ணு மருந்துன்னு ஆசையாத்தான் குடிச்சேன்."

அப்பா திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கலையரசிக்கு. ஜன்னலோரம் ஒடுங்கி உட்கார்ந்தாள். ஓடும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் போகவும் வழியில்லை.

அம்மாவின் முகம் திடீரென்று வெளுத்தது. "தேசூர்ல எங்க துரை அண்ணனுக்கும் ஒரு பை இலை குடுத்தேனே. அதுக்கும் இதே நோவுதான். ஆஸ்பத்திரிக்குப் போறதையே நிறுத்திட்டேன்னுச்சே."

கலையரசி உடனே துரைக்குப் போன் போட்டாள். அவர் சிரித்தார். "மாமாகிட்டயே மறைக்கிறியா? அந்த மருந்த பெரிய கம்பெனி எதுனா வாங்கிட்டானா?" எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

ஆரணியில் இறங்கியதும் தங்கவேலு சேவூர் பக்கம் திரும்பவில்லை. "தேசூர் பஸ் எங்க நிக்குது பாரு. என் ரிப்போர்ட்ட காட்டினாத்தான் அவன் நம்புவான்," என்றார். இருமல் அவரை நிற்கவிடவில்லை. ஆனாலும் ஏறினார்.

கல்லீரல் கெட்டுப்போனதைக் காட்டிய அந்தத் தாளைத் துரை வாங்கிப் படித்தார். பிறகு உள்ளே போய் மிச்ச இலையை எடுத்து வந்து செல்லியம்மாளிடம் நீட்டினார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொன்னார்.

தங்கவேலுவுக்கு அடுத்த மருந்து ஏற்ற இன்னும் இருபத்தொரு நாள் இருந்தது.