ஓரத்தில் போட்ட பூ

கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்ததும் வழக்கம்போல ஓரத்தில் பென்சிலால் பக்கக் கணக்கைக் குறித்தேன்: முந்தையது 836, இன்றையது 861. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதுகிறவன் நான். முப்பது வருஷப் பழக்கம், கையில் நாவலைக் கொடுத்தாலும் அப்படித்தான் வரும்.

"முடிஞ்சிடுச்சா?" என்றாள் என் மனைவி, கட்டிலில் கண்ணை மூடியபடியே.

"முடிஞ்சிடுச்சு. அவன் வரவே இல்ல. அவ கதவச் சாத்திட்டு உள்ள போயிட்டா."

சொல்லிவிட்டுத் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். வெட்கக்கேடு.

எங்கள் வீட்டில் படிக்கிற ஆள் அவள்தான், கணக்கு டீச்சர். நூறு வருஷத்துக்கு முந்தைய இந்த நாவலை ஆசையாக எடுத்து வைத்த வாரமே இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் என்றாகிவிட்டது. புதுக் கண்ணாடி வரும்வரை பொடி எழுத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். நான் படிக்கட்டுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டு வைத்தேன். அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் கடனே என்றுதான் படித்தேன். போகப் போக, மீட்டர் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கதையில் இனி என்ன ஆகுமோ என்ற நினைப்புதான். நாலு மாதமாக, வேலை விட்டு வந்து முகம் கழுவிய கையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து உட்கார்ந்ததே கிடையாது.

இப்போது கதை முடிந்தது. கண்ணாடியும் வந்துவிட்டால் என் உத்தியோகம் போச்சு. அவள் பாட்டுக்கு அடுத்ததைத் தானே படித்துக்கொள்வாள்.

இதில் நான் பண்ணிய திருட்டுத்தனமும் ஒன்று உண்டு. மழை, ஆற்றங்கரை, சாயங்கால வெளிச்சம் என்று வர்ணனை வந்தால் நைசாகத் தாண்டிவிடுவேன். ஆள் இல்லாத வீடு வந்தால் பூட்டு என்பதைச் சுருக்கி 'பூ' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது என் வழக்கம். புத்தகத்திலும் அதே 'பூ'வைப் போட்டுவிட்டு நடையைக் கட்டினேன்.

எத்தனை இடம் தாண்டினோம் என்று உறுத்தியதால் பக்கங்களைப் புரட்டினேன். நேற்றுவரை போட்ட ஒவ்வொரு 'பூ'வுக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு டிக். டீச்சர் டிக்.

"என்னம்மா இது?"

அவள் தலையணைக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுத்து நிதானமாக மாட்டிக்கொண்டாள். "போன மாசமே என் தங்கச்சி வாங்கிட்டு வந்து குடுத்துட்டா. நீங்க வேலைக்குப் போனதும் புரட்டிப் பாத்தேன். அங்கங்க பூ, பூன்னு எழுதியிருந்துது. புடிச்ச எடத்துக்கெல்லாம் பூ போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். படிச்சா ஒவ்வொண்ணும் அவ்ளோ அழகு. நம்ம ஆளுக்கு இவ்ளோ ரசனையான்னு பூரிச்சுப் போயிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறந்தான் உறைச்சுது, அதுல ஒரு வரிகூட நீங்க எனக்குப் படிச்சுக் காட்டலையேன்னு."

அசடு வழிய உட்கார்ந்திருந்தேன். "கண்ணாடி வந்தத ஏன் சொல்லல?"

"சொன்னா, இந்தா நீயே படிச்சுக்கோன்னு குடுத்துட்டு எழுந்து போயிருப்பீங்க. எனக்கு உங்க குரல் வேணும்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து இதைவிடத் தடியான ஒன்றை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"இதுலயும் பூ போடுங்க," என்றாள். "ஆனா படிச்சிட்டுப் போடுங்க."

முதல் பக்கத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரைப் பக்கம் பெய்தது. ஒரு துளி விடாமல் படித்துவிட்டு, ஓரத்தில் ஒரு பூ போட்டேன்.