செம்மறியின் பின்பக்கம்

என் ஆட்டைக் காட்டுவதற்காகக் கையை வீசினேன். அந்தக் கையில் தேநீர்க் கோப்பை இருந்தது ஞாபகமில்லை. பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையுமாக ஊர்ச் சரித்திரம் நனைந்தது.

ஊர்ச் சரித்திரம் என்பது எங்கள் தேவாலயத்தின் வடக்குச் சுவரில் தொங்கும் பூத்தையல் சீலை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஊரே கூடித் தைத்தது. தேவாலயத்துக்கு வயது அறுநூறு. பஸ்ஸில் வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்பதைத்தான். அதற்கடுத்து சனிக்கிழமை வழிகாட்டியான என்னிடம் மாட்டுவார்கள். கல்லறை, தூண், கண்ணாடிப் பெட்டிக்குள் பூச்சி தின்ற பாதிரி அங்கி, எல்லாவற்றையும் நாலு நிமிடத்தில் முடித்துவிட்டு, சீலையின் ஓரத்தில் மேயும் செம்மறியிடம் ஓட்டிப்போவேன். "இது நான் தைச்சது!"

கறையை ஒற்றத் தையல் குழுப் பெண்கள் சீலையைக் கழற்றி மேசைமேல் குப்புறப் போட்டார்கள். அப்போதுதான் என் ஆட்டின் பின்பக்கத் தையலைப் பார்த்தேன். மூக்கருகே ஒரு சிக்கல் தவிர, அச்சடித்தாற்போல் ஒழுங்கு. நான் சட்டைக்குப் பொத்தான் தைத்தால் மேசைவிரிப்பும் சேர்ந்து வரும். தவிர, நான் தைத்த ஆட்டுக்கு ஐந்து கால். சீலைத் திறப்பு விழாவில் நாலுதான் இருந்தது. என் எண்ணிக்கைதான் தப்பு என்று விட்டுவிட்டேன். பெருமை வந்தால் எனக்குக் கணக்கு வராது.

"தெல்மா, இதைப் பிரிச்சுத் தைச்சீங்களா?"

தையல் குழுவின் தெல்மா கேச்போல் ஜன்னலைப் பார்த்தாள். "இன்னிக்கு மழை வராதுபோல இருக்கே."

"நல்ல கேள்வி, சிரில்," என்றார் பாதிரியாரம்மா. எங்கள் ஊரில் அதற்கு, பதில் கிடையாது என்று அர்த்தம். "எல்லாரும் சேர்ந்து செஞ்சோம்ல, அதுதானே முக்கியம்?"

தேநீர் மேசையைக் கவனிக்கும் ஆட்ரி கேக்கை நீட்டினாள். இங்கே ஒருவன் கிணற்றில் விழுந்தாலும் முதலில் கேக் தட்டுதான் இறங்கும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம் இன்ஷூரன்ஸ் கடிதம் எழுதிய இந்தக் கைகள் உருப்படியாகச் செய்தது அந்த ஆடு ஒன்றுதான். அதுவும் இல்லையென்றால், பன்னிரண்டு வருடமாகப் பஸ் பஸ்ஸாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

"சொல்லுங்களேன் யாராவது."

பஞ்சும் கையுமாகக் குனிந்திருந்த தையல் குழுத் தலைவி வினிஃப்ரெட் நிமிரவேயில்லை. "நாந்தான் பிரிச்சேன். விழாவுக்கு முந்தின வாரம். ஆடா அது? கட்டில்லேர்ந்து விழுந்த தலகாணி!"

"வினி!" தெல்மா பதறினாள்.

"சும்மா இரு. மனுஷன் கேக்கறார்ல?"

"அப்ப என்னோடது ஒண்ணுமே இல்லையா?"

வினிஃப்ரெட் சீலையைப் புரட்டி ஆட்டின் முகத்தில் விரலை வைத்தாள். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே.

"கண்ணு ரெண்டும் உங்களோடது. அதையும் பிரிக்கத்தான் ஊசிய எடுத்தேன். அது என்னைப் பாத்த பார்வையில மனசு வரல. இந்தச் சீலையிலயே உசிரோட இருக்கறது அது ஒண்ணுதான். போதுமா? அந்த வாளிய இப்படித் தள்ளுங்க."